ஓடைத்தெரு மூடி

அல்லிமங்கலம் என்று ஒரு சின்ன நகரம் இருந்தது. அங்கே மனிதர்களைப் போலவே பொருள்களும் பேசும். தெருவிளக்கு பேசும், அம்மிக்கல் பேசும், பேருந்து நிலையத்துக் கடிகாரம் நின்றுபோனால் பயணிகளிடம் வருத்தம் தெரிவிக்கும். கேட்கிறவர்கள் கேட்டார்கள். கேட்க மனமில்லாதவர்கள் காதில் விழாததுபோல நடந்துபோனார்கள்.

நகரத்தின் தாழ்ந்த முனையில், ஏரியை ஒட்டினாற்போல ஓடைத்தெரு இருந்தது. அந்தத் தெருவின் நடுவில், பாதாளச் சாக்கடையின் வாயில், வட்டமாக ஒரு இரும்பு மூடி கிடந்தது. கீழே இருப்பது கீழேயே இருக்க வேண்டும், மேலே நடப்பவர்கள் விழாமல் நடக்க வேண்டும். இவ்வளவுதான் அதன் வேலை. ஆட்டோ ஏறும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நொண்டி விளையாடும், வெயிலில் தோசைக்கல்லாகக் காயும். மூடி ஒன்றும் சொன்னதில்லை. தன் வேலையில் அதற்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

மூடிக்குப் பக்கத்திலேயே குமுதவல்லியின் இஸ்திரி வண்டி நிற்கும். மேட்டுத்தெரு வீடுகளின் துணியெல்லாம் அவளிடம்தான் வரும். கரி போட்டுத் தேய்க்கிற பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்று அவளிடம் இருந்தது. அதுவும் இரும்பு என்பதால் மூடியை "அண்ணே" என்றுதான் கூப்பிடும். குமுதவல்லிக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது. காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததும், "என்ன அண்ணே, ராத்திரி லாரி எதுவும் ஏறிச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கரியைப் பற்றவைப்பாள்.

ஒரு மழைக்காலத்தில்தான் கஷ்டம் தொடங்கியது.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், மூடி தன் அடிவயிற்றில் ஏதோ முட்டுவதை உணர்ந்தது. முதலில் லேசாக முட்டியது, பிறகு பலமாக. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தது, முடியவில்லை. ஒரு பக்கமாக எழும்பியது. அதன் இடுக்கு வழியே கறுப்பாகக் கழிவுநீர் கொப்பளித்து வெளியே வந்தது. ஓடைத்தெரு முழுக்க ஓடி, வாசல்படிகளை நனைத்து, சரிவில் இறங்கி ஏரியில் போய் விழுந்தது.

"என்ன இது, தெருவுல வந்து நிக்கிறே?" என்று மூடி பதறிப்போய்க் கேட்டது.

கழிவுநீருக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்கு மட்டும் ஆசையா அண்ணே? ஆத்துலேருந்து வந்தப்ப என்னைக் கையில ஏந்திக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. சமைச்சாங்க, குளிச்சாங்க, சாமிக்கு அபிஷேகம் பண்ணாங்க. எல்லா அழுக்கையும் என் தலையில ஏத்திட்டு, இப்ப என்னைப் பார்த்தா மூக்கைப் பொத்துறாங்க. போற இடத்துக்குப் போகத்தான் பார்க்கிறேன். போக வழியில்ல."

வழி இல்லாமல் போன கதையையும் அது சொன்னது. ஊர்க்கோடியில் பம்பு ஹவுஸில் இரண்டு பம்புகள் இருந்தன. இரண்டும் சேர்ந்து கழிவுநீரை இழுத்துச் சுத்திகரிக்கும் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அதில் ஒன்று எப்போதோ கருகிப்போய்த் தார்ப்பாய்க்குள் மூலையில் கிடந்தது. மற்றொன்று ஒற்றையாளாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதுவாவது பரவாயில்லை. மேட்டுத்தெருவில் பெரிய வீடுகளாகக் கட்டியவர்கள், மழை பெய்தால் தங்கள் வாசலில் தண்ணீர் தேங்கக் கூடாது, கார் சக்கரத்தில் சேறு படக் கூடாது என்று, மொட்டைமாடித் தண்ணீரையெல்லாம் குழாய் போட்டுப் பாதாளச் சாக்கடைக்குள் விட்டிருந்தார்கள். அப்படி விடக் கூடாது என்று சட்டம் இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மழை தூறினால் போதும், ஊர் மாடிகளின் தண்ணீரெல்லாம் கழிவுநீரின் முதுகில் ஏறிக்கொண்டது. அத்தனையும் சேர்ந்து தாழ்வான இடத்தைத் தேடி வந்தது. ஓடைத்தெருவைவிடத் தாழ்வான தெரு அந்த ஊரில் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் இதே கதைதான். பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருந்த பீர்முகமது செங்கல் அடுக்கி அதன்மேல் உட்கார்ந்து வேலை பார்த்தார். வீட்டுக்கு வீடு பேதியும் காய்ச்சலும் வந்தது. சொல்லச் சொல்ல நகராட்சியிலிருந்து வந்தது ஒன்றே ஒன்றுதான்: பிளீச்சிங் பவுடர். கோலம் போடுவதுபோலத் தெருவின் இரண்டு ஓரத்திலும் தூவிவிட்டுப் போனார்கள். "நான் என்ன பண்ணுவேன், வாசனையை மட்டும் கொஞ்சம் மாத்துவேன்" என்று அதுவே வெட்கப்பட்டுச் சொன்னது.

ஏரி பேசவில்லை. அது செத்த மீன்களைக் கரையில் கொண்டுவந்து வரிசையாக ஒதுக்கியது. வயிறு வெளுத்து மிதந்த மீன்களைப் பார்த்த அக்கம்பக்கத்துக் கிராமத்தார் மேலே முறையிட்டார்கள். மேலிடத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து அல்லிமங்கலம் நகராட்சிக்கு ஒரு நோட்டீஸ் வந்தது.

நோட்டீஸ் கறாரான பேர்வழி. நகர்மன்றத் தலைவர் ஞானசிகாமணியின் மேஜைமேல் வந்து படுத்ததுமே மூன்று கேள்வி கேட்டது. கழிவுநீர் எங்கே பொங்கியது? ஏன் பொங்கியது? இனிமேல் பொங்காமலிருக்க என்ன செய்தீர்கள்? பதில் வராவிட்டால் நடவடிக்கை உண்டு என்றும் சொன்னது.

ஞானசிகாமணி கெட்டவர் இல்லை என்று மேட்டுத்தெருவில் எல்லோரும் சொல்வார்கள். கல்யாணம் காட்சி என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். தும்பைப்பூ வெள்ளையில்தான் வேட்டி கட்டுவார். அதைத் தேய்த்துக் கொடுப்பவள் குமுதவல்லி. அவர் பொறியாளர் தனுஷ்கோடியைக் கூப்பிட்டு, எங்கேய்யா பொங்கியது என்று கேட்டார். ஓடைத்தெரு மூடி வழியாக என்று தனுஷ்கோடி சொன்னார். ஏன் பொங்கியது என்பதைச் சொல்ல வாயெடுத்தார். தலைவர் வீட்டு மாடியிலிருந்தும் ஒரு குழாய் இறங்குவது ஞாபகம் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"அப்ப மூடிதான் காரணம். அதைக் கொண்டாங்க, விசாரிப்போம்" என்றார் தலைவர்.

மறுநாள் காலை நான்கு பேர் கடப்பாரையோடு வந்து மூடியை நெம்பி எடுத்தார்கள். தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள். வாய் பிளந்து கிடந்த குழியைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. மாற்று மூடி கிடையாதா என்று குமுதவல்லி கேட்டதற்கு, விசாரணை முடிந்ததும் இதுவே திரும்பி வந்துவிடும் என்று பதில் வந்தது. பிள்ளைகள் ஓடுகிற தெரு. அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்க் குழியின் மேலேயே நிறுத்தினாள். நான்கு பக்கமும் கல்லை முட்டுக்கொடுத்தாள். குழியிலிருந்து எழுந்த நாற்றத்தில் எவன் துணி தேய்க்கக் கொடுப்பான்? அன்று முழுக்க ஒரு துணியும் வரவில்லை. இஸ்திரிப் பெட்டி பற்றாத கரியை வயிற்றில் வைத்துக்கொண்டு கறுவிக்கொண்டிருந்தது.

நகர்மன்றக் கூடத்தில் புதிதாக டைல்ஸ் பதித்திருந்தார்கள். அது கீறிவிடக் கூடாதென்று சாக்கு விரித்து, அதன்மேல் மூடியை வைத்தார்கள். உறுப்பினர்கள் சுற்றிலும் உட்கார்ந்தார்கள். மூடி அதற்குமுன் இப்படியொரு இடத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அதற்குப் பயமாக இல்லை. இத்தனை பெரியவர்கள் கூடிக் கேட்கிறார்கள், சொன்னால் தீர்ந்துவிடும் என்றே நினைத்தது.

"கழிவுநீர் உன் வழியாத்தானே வெளியே வந்தது?" என்று தலைவர் கேட்டார்.

"ஆமாங்க ஐயா."

"நீ திறந்ததாலதானே வந்தது?"

"நான் திறக்கலைங்க. அது என்னைத் தூக்கிச்சு. நான் எவ்வளவு கனமோ அவ்வளவும் அழுத்தித்தான் பார்த்தேன். ஒரு பம்பு கருகிக் கெடக்கு. இன்னொண்ணு முடியாம முனகுது. மழை வந்தா மேட்டுத்தெரு மாடித் தண்ணியெல்லாம் குழாய் வழியா உள்ளே இறங்குது. அந்தக் குழாய்ங்களை ஒருதடவை இங்கே கூப்பிட்டு விசாரிங்க ஐயா. எல்லாம் தெரிஞ்சுபோகும்."

நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அதில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்துக்கொள்ளவில்லை.

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு" என்றார் தலைவர்.

பம்பையும் விசாரித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னதால், பம்பு ஹவுஸுக்குத் தொலைபேசி போட்டார்கள். பம்புக்கு வேர்த்துக்கொட்டியது. மூலையில் தார்ப்பாய்க்குள் கிடந்த கூட்டாளியைப் பார்த்தது. தனக்குப் பழுது என்று அது வாய்விட்டுச் சொன்ன மறுநாளே அதைக் கழற்றி எறிந்தார்கள். அது பம்பின் கண்முன் நடந்தது. "எனக்கு ஒரு குறையும் இல்லைங்க, நல்லா ஓடிக்கிட்டிருக்கேன்" என்று திக்கித் திணறிச் சொல்லி முடித்தது. அந்தக் குரலே இருமலாகத்தான் வந்தது. கூடத்தில் இருந்தவர்களுக்கு அது திருப்தியாக இருந்தது.

தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஓடைத்தெரு மூடி சரியாக மூடாததே பொங்கியதற்குக் காரணம். மூடியை வெல்டிங் வைத்து இறுக்கி, மேலே கான்கிரீட் போட்டுப் பூசிவிட வேண்டும். எல்லோரும் கை தூக்கினார்கள். தேநீர் வந்தது, குடித்துவிட்டுப் போனார்கள்.

மூடியைத் திருப்பிக் கொண்டுவந்து குழியில் வைத்து விளிம்பைச் சுற்றிப் பற்றவைத்தார்கள். மேலே கான்கிரீட்டைக் கொட்டி மட்டம் செய்தார்கள். வாய்க்குள் மண் போட்டு மூடுவதுபோல இருந்தது மூடிக்கு. "நான் சொன்னதைக் கேட்டாங்களே, எதுக்கு எழுதிக்கலை?" என்று அது கடைசியாகக் குமுதவல்லியிடம் கேட்டது. பதிலுக்கு இஸ்திரிப் பெட்டிதான் சீறியது. "உன்னைக் கேட்கவா கூப்பிட்டாங்க அண்ணே? உன்னை விசாரிச்சோம்னு காட்டத்தான் கூப்பிட்டாங்க."

வாரியத்துக்குப் பதில் போனது. பொங்கிய இடம் ஓடைத்தெரு. அந்த இடம் இப்போது நிரந்தரமாக அடைக்கப்பட்டுவிட்டது. நோட்டீஸ் தன் இரண்டாவது கேள்வியை ஞாபகப்படுத்தியது. தலைவர் மேஜைமேல் இருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து அதன் தலையில் வைத்தார். காற்றில் பறக்காமல் இருக்கட்டும் என்றார்.

அடுத்த மழை வந்தது. கழிவுநீர் வழக்கம்போல வந்து மூடியை முட்டியது.

"வழி விடு அண்ணே."

"என் வாயைக் கட்டிட்டாங்கம்மா" என்றது மூடி. கான்கிரீட்டுக்கு அடியிலிருந்து அதன் குரல் கம்மலாக வந்தது.

கழிவுநீர் தவித்தது. பின்னாலிருந்து மாடித் தண்ணீர் தள்ளிக்கொண்டே இருந்தது. கடைசியில் அது பக்கவாட்டில் புகுந்து, வீட்டுக்கு வீடு போகும் குழாய்களில் ஏறியது. ஓடைத்தெரு வீடுகளின் கழிவறைகளில் கொப்பளித்து எழுந்து, கூடத்துக்கு வந்து, அடுப்படிக்குள் நுழைந்தது. அரிசிப் பானையைத் தொட்டது. தூளியில் கிடந்த பிள்ளையை ஒருத்தி தோளில் போட்டுக்கொண்டு மழையிலேயே தெருவுக்கு ஓடினாள். அதுவரை தெருவில் ஓடியதை வாசல்படியில் நின்று பார்த்தவர்கள், இப்போது தெருவில் நின்று தங்கள் வீட்டுக்குள் பார்த்தார்கள்.

குமுதவல்லியின் வீட்டில், தேய்த்து அடுக்கி வைத்திருந்த துணி மூட்டைகள் அப்படியே மிதந்தன. தலைவரின் வெள்ளை வேட்டிகளும் அதில் இருந்தன. அவள் முழங்கால் அளவு கழிவில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அழவில்லை. அழுகிற கட்டமெல்லாம் தாண்டிப்போயிருந்தது.

மறுநாள் தெருவே திரண்டு நகராட்சிக்குப் போனது. தனுஷ்கோடி வெளியே வந்து பேசினார். ஆய்வு செய்தாயிற்று, ஓடைத்தெருவில் எங்கேயும் பொங்கவில்லை, மூடி மேல் ஒரு சொட்டு ஈரம் இல்லை என்றார்.

"எங்க வீட்டுக்குள்ள முழங்கால் மட்டும் நிக்குது சார்" என்றாள் குமுதவல்லி.

தனுஷ்கோடி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "தெருவில வந்தா அது எங்க கணக்கு. விதிமீறல்னு நோட்டீஸ் வரும். வீட்டுக்குள்ள வர்றது உங்க சொந்தப் பிரச்சினைம்மா. நீங்கதான் சரி பண்ணிக்கணும்."

மனிதர்கள் எத்தனையோ கொடுமையைக் கத்தியால் செய்கிறார்கள். இது அப்படியில்லை. நிதானமான குரலில், மரியாதையாக, அம்மா என்று கூப்பிட்டுச் சொன்ன சொல்.

திரும்பி வரும் வழியில் பீர்முகமதுதான் முதலில் பேசினார். நாமதான் சரி பண்ணிக்கணும்னா பண்ணிக்குவோம், தங்கச்சி, என்றார். கடையில் கிடந்த பழைய டியூப்களையெல்லாம் எடுத்துவந்தார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சாக்கடைக்குப் போகும் குழாயின் வாயில் ஒரு டியூபை நுழைத்து, காற்றடித்து உப்பவைத்தார். குழாய் கச்சிதமாக அடைத்துக்கொண்டது. ஊரெல்லாம் உருண்டு ஓய்ந்த டியூப்களுக்கு மறுபடி ஒரு வேலை கிடைத்ததில் சந்தோஷம். ஓடைத்தெரு மக்களுக்கு அதனால் வசதி ஒன்றும் வந்துவிடவில்லை. தங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போக வழியில்லாததால், மழைக்காலம் முழுக்க வாளியில் பிடித்துக் கொல்லையில் குழி வெட்டி ஊற்றினார்கள். பெண்கள் இருட்டுவதற்குக் காத்திருந்து பேருந்து நிலையத்துக் கழிவறைக்கு நடந்தார்கள். ஆனால் வீட்டுக்குள் அந்தக் கறுப்பு வராது.

மிச்சமிருந்தது மூடி ஒன்றுதான். வீடுகளை அடைத்தால் முழு விசையும் அதன்மேல் வந்து விழும். குமுதவல்லி கான்கிரீட் மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையால் தட்டினாள்.

"அண்ணே. நீ விட்டா தெருவுக்கு வந்துடும். தாங்குவியா?"

"என்னைக் கட்டிப்போட்டவங்களுக்காகத் தாங்கமாட்டேன். உனக்காகத் தாங்குறேன்" என்றது மூடி.

மழை மறுபடி வந்தது. இந்தமுறை வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மேட்டுத்தெரு மாடிக் குழாய்கள் சிரித்துக்கொண்டே தண்ணீரை இறக்கின. பம்பு ஹவுஸில் ஒற்றைப் பம்பு இருமி இருமி, புகைந்து, நின்றேபோய்விட்டது. கழிவுநீர் ஓடைத்தெருவுக்கு வந்து ஒவ்வொரு வீட்டுக் குழாயையும் தொட்டுப் பார்த்தது. எல்லாம் அடைத்திருந்தது. மூடியை முட்டியது. மூடி அசையவில்லை. அதன் உடம்பெல்லாம் அதிர்ந்தது. விளிம்பில் பற்றவைத்த இடம் முனகியது. ஆனாலும் அசையவில்லை.

"நான் எங்கே அண்ணே போவேன்?" என்றது கழிவுநீர்.

"அடுத்த பள்ளம் எது?" என்றது மூடி.

கழிவுநீர் யோசித்தது. ஓடைத்தெருவுக்கு அடுத்தபடி தாழ்வான இடம் நகராட்சி அலுவலகம்.

அங்கே நகர்மன்றக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. முதலில் தரைத்தளக் கழிவறையில் ஒரு களகள சத்தம் கேட்டது. பிறகு கதவடியில் கறுப்பாக ஒரு நாக்கு நீண்டது. புதிய டைல்ஸ் மேல் வழுக்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்தது. உறுப்பினர்கள் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். தலைவர் மேஜைமேலேயே ஏறி நின்றார். அடைப்பாக இருக்கும், யாரையாவது உள்ளே இறக்கிப் பார்க்கச் சொல்லலாமா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். ஆளை இறக்கிச் சாகடித்த காலம் ஒன்று அந்த ஊருக்கும் இருந்தது. தனுஷ்கோடி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்து, முடியாது என்றார்.

"அப்ப ஓடைத்தெரு மூடியை உடைங்க. உடனே உடைங்க" என்று தலைவர் கத்தினார்.

மூடியை நெம்பி எடுத்த அதே நால்வர், கான்கிரீட் உடைக்கிற இயந்திரத்தோடு மழையில் வந்து இறங்கினார்கள். அதற்குள் செய்தி தெருவுக்கு எட்டியிருந்தது. குமுதவல்லி வந்து மூடிமேல் ஏறி நின்றாள். கையில் ஒன்றுமில்லை. பிறகு இன்னொருத்தி வந்து பக்கத்தில் நின்றாள். இன்னும் இரண்டு பேர். கான்கிரீட்டில் இடம் போதாமல் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். பீர்முகமதும் மற்ற ஆண்களும் தெருமுனையில் குறுக்கே நின்றார்கள். நால்வரும் இயந்திரத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவன் வீடு இதே தெருவில்தான் இருந்தது. அவன் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

கடைசியில் தலைவரே ஜீப்பில் வந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். தணிந்த குரலில்தான் பேசினார். அது ஊருக்கே பொதுவான அலுவலகம், அங்கே தண்ணீர் வந்தால் ஊர் வேலையே நின்றுபோகும், கொஞ்சம் அனுசரித்துப் போக வேண்டும் என்றார். இன்னும் ஒரே ஒரு மழை பொறுத்துக்கொண்டால் எல்லாம் சரிசெய்துவிடலாம் என்றார்.

குமுதவல்லி அவரை நேராகப் பார்த்தாள். அவர் சட்டை காலர்வரை அவளுக்கு அத்துப்படி.

"நாங்க அனுசரிச்சது போதும் ஐயா. எங்க புள்ளைங்க இதுல நடந்து காய்ச்சல்ல விழுந்தப்ப உங்களுக்கு அவசரம் வரலை. எங்க சோத்துப் பானையில விழுந்தப்ப வரலை. உங்க காலை நனைச்சதும் கடப்பாரையோட ஓடி வர்றீங்க. அதையும் எங்க தலையில திருப்பி ஊத்தத்தான் வர்றீங்க. பம்பைப் போடுங்க. மாடிக் குழாயை வெட்டுங்க. உங்க வீட்டுக் குழாயை முதல்ல வெட்டுங்க. அதுவரைக்கும் இந்த மூடிமேல கை வைக்க விடமாட்டோம்."

அவள் குரலை உயர்த்தவில்லை. காலுக்குக் கீழே மூடி நடுங்குவது அவளுக்குத் தெரிந்தது. "அண்ணே, இருக்கியா?" என்று குனிந்து கேட்டாள்.

"பேச முடியலம்மா. இறுக்கிப் பிடிச்சிருக்கேன்" என்றது மூடி.

அலுவலகத்திலிருந்து ஒருவர் ஓடிவந்து, தண்ணீர் மாடிப்படியின் முதல் படியைத் தொட்டுவிட்டது என்றார். அதன்பிறகு நடந்ததுதான் அதிசயம்.

வருமென்று சொல்லி வருஷக்கணக்கில் வராத புதுப் பம்பு அன்று மாலைக்குள் பம்பு ஹவுஸில் வந்து இறங்கியது. எந்தத் தூரதேசத்திலிருந்து வந்தது என்று பார்த்தால், நகராட்சியின் சொந்தக் கிடங்கிலிருந்து. "நான் எப்பவோ வந்துட்டேன்" என்றது புதுப் பம்பு, இறக்கியவர்களிடம். "ரிப்பன் வெட்ட ஒரு பெரிய மனுஷர் தேதி கொடுக்கலை. அவருக்காகத்தான் நிறுத்தி வச்சிருந்தாங்க." உடம்பைச் சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் கிழித்திருக்கவில்லை. பழைய பம்பு அதைக் கேட்டுவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது. பயந்து பொய் சொன்னது அதை அறுத்துக்கொண்டிருந்தது.

ஓடைத்தெருப் பெண்களில் பாதிப்பேர் மூடிமேல் நிற்க, மீதிப்பேர் தனுஷ்கோடியோடு மேட்டுத்தெருவுக்கு நடந்தார்கள். தனுஷ்கோடி கையில் ரம்பம் இருந்தது. முதலில் தலைவர் வீட்டு மாடிக் குழாயை அறுத்தார். அது வீல் என்று கத்தியது. "இத்தனை நாள் சும்மாதானே விட்டீங்க" என்றது. தனுஷ்கோடி அடுத்த வீட்டுக்கு நடந்தார். மேட்டுத்தெருக்காரர்கள் பால்கனியில் நின்று, தங்கள் வாசலில் இனிமேல் தண்ணீர் தேங்குமே என்று ஒருவருக்கொருவர் கவலைப்பட்டுக்கொண்டார்கள்.

பொழுது சாயும்போது புதுப் பம்பைப் பூட்டி ஓடவிட்டதும் கழிவுநீர் இறங்கத் தொடங்கியது. மூடியின் அடிவயிற்றிலிருந்து பாரம் மெல்ல மெல்ல விலகியது. "நான் போயிட்டு வர்றேன் அண்ணே, என் வழி திறந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுக் கழிவுநீர் பம்பு ஹவுஸை நோக்கி ஓடியது. குமுதவல்லி மூடிமேலிருந்து இறங்கி, மரத்துப்போன காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

மறுநாள் வெயில் அடித்தது. மூடியை விடுவிக்கலாம் என்று கான்கிரீட்டைப் பக்குவமாக உடைத்து எடுத்தார்கள். வெல்டிங்கை அறுத்தார்கள். பீர்முகமது ஈரத்துணியால் மூடியின் முகத்தைத் துடைத்துவிட்டார். இரும்பு முழுசாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. இஸ்திரிப் பெட்டி பெருமையோடு எல்லோரையும் பார்த்தது.

தலைவரும் வந்திருந்தார். உறுப்பினர்கள் கூட வந்திருந்தார்கள். படம் எடுக்க ஆளும் வந்திருந்தார். தலைவருக்கு மனசு லேசாகியிருந்தது. நேற்றைய கோபமெல்லாம் போய், பழைய சிரிப்பு திரும்பியிருந்தது. அவர் மூடியின் பக்கத்தில் குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படியாக, உண்மையான வருத்தத்தோடு சொன்னார்:

"இவ்வளவு கஷ்டம்னு எங்ககிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

குமுதவல்லி வாயைத் திறப்பதற்குள் படீரென்று ஒரு சத்தம் கேட்டது. ஊர்த் தண்ணீர் முழுவதையும் தாங்கி நின்ற இரும்பு, அந்த ஒரு கேள்வியைத் தாங்க முடியாமல் நடுவில் இரண்டாகப் பிளந்துபோயிருந்தது.